கொய்யாப்பழம் என்ன குற்றம் செய்தது?

"டாக்டரய்யா, மூணு மாசமா நான் ஒரு பழத்தைக்கூடத் தொடலை. கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அப்படியும் சுகர் ஏறியிருக்கே, இது என்ன நியாயம்?"

கேட்டவர் பாளையங்கோட்டையில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பல வருடங்களாக என்னிடம் வருகிறவர். சுகருக்கு ஆங்கில மருந்து சாப்பிடுகிறார். அதை நிறுத்தக் கூடாது என்பதில் நானும் கண்டிப்பு. மூட்டு வலிக்கும் ஜீரணத்துக்கும் மட்டும் என் மருந்து. அன்று கையோடு கொண்டுவந்த ரிப்போர்ட்டை மேஜை மேல் வைத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் போன தடவை 7.2. இந்தத் தடவை 7.9.

"பழத்தை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"இதுதான்!" என்று கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார்.

விஷயம் இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது, அம்மாவின் போனில் ஓர் 'ஆப்' போட்டுக் கொடுத்திருக்கிறார். காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டோம் என்று அதில் பதிந்துகொண்டே வந்தால், கலோரி இவ்வளவு, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். 'சர்க்கரை' என்றும் ஒரு வரி இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராம் என்று மகன் வரம்பு வைத்திருக்கிறார். தாண்டினால் சிவப்பாக எரியும்.

அம்மா நேர்மையாக எழுதியிருக்கிறார். ஒரு கொய்யாப்பழம், ஒரு ஆரஞ்சு, இரண்டு வேளை பால். அவ்வளவுதான். கொய்யாவில் 9 கிராம், ஆரஞ்சில் 12 கிராம், இரண்டு டம்ளர் பாலில் 14 கிராம். ஆக மொத்தம் 35. போன் சிவப்பாக எரிந்துவிட்டது! பாலை விட முடியாது, காலை எழுந்ததும் காபி வேண்டும். எனவே தண்டனை பழத்துக்கு.

"சரிம்மா, காபிக்கு என்ன போடுறீங்க?"

"சீனியே கிடையாது. பனங்கற்கண்டுதான்."

"எவ்வளவு?"

"ரெண்டு ஸ்பூன். சாயங்காலம் ஆவாரம்பூ டீயிலயும் ரெண்டு ஸ்பூன். அப்புறம் திரிபலாவைத் தேனில் குழைச்சுச் சாப்பிடுறேன். நீங்க குடுத்த லேகியம் ரெண்டு வேளை. ராத்திரிக்குச் சத்துமாவுக் கஞ்சி, அதில கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை."

"இதையெல்லாம் போனில் எழுதினீங்களா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது மருந்துதானே டாக்டரய்யா!"

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பனங்கற்கண்டு நாலு ஸ்பூன், சுமார் 20 கிராம். தேன் ஒரு ஸ்பூனில் 6 கிராம். லேகியம் இரண்டு வேளைக்கும் சேர்த்து 6 கிராமாவது இருக்கும். கஞ்சியில் விழும் நாட்டுச்சர்க்கரை 9 கிராம். மொத்தம் 40ஐத் தாண்டுகிறது. அதில் ஒரு கிராம்கூடப் போனுக்குத் தெரியாது. திருடன் கொல்லை வழியாகப் போய்க்கொண்டிருக்க, வாசலில் வந்த விருந்தாளியைப் பிடித்து அடைத்த கதை!

இந்த அம்மாள் படித்தவர், முப்பது வருடம் பாடம் நடத்தியவர். அவருக்கே இந்தக் குழப்பம் என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உணவைக் கணக்கு வைத்துச் சாப்பிடும் பழக்கம் இப்போது நம் வீடுகளில் பரவி வருகிறது. நல்ல பழக்கம்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. கணக்கு வைப்பது அவசியம்தான். ஆனால் எதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பது தெரியாவிட்டால், கணக்கே நம்மைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சீனி வேறு, சர்க்கரை வேறா?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வெள்ளையாக இருப்பதற்குச் 'சீனி' என்று பெயர். 'சர்க்கரை' என்றால் பழுப்பாக இருக்கும் வெல்லச் சர்க்கரை. சென்னையில் கேட்டால் வெள்ளையைத்தான் சர்க்கரை என்பார்கள். அதற்கு முந்தைய தலைமுறை 'அஸ்கா' என்றது. பெயர் மாறுகிறதே தவிர, உள்ளே போனதும் உடம்பு பெயர் கேட்பதில்லை.

சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு சின்னச் சர்க்கரைகள் கைகோத்து நிற்பது. ஒன்று குளுக்கோஸ், இன்னொன்று ஃப்ரக்டோஸ். குடலுக்குப் போனதும் இந்தக் கை பிரிந்துவிடும். குளுக்கோஸ் நேராக இரத்தத்துக்கு வந்து உடம்பெல்லாம் சுற்றும், இன்சுலினைக் கூப்பிடும். ஃப்ரக்டோஸுக்குப் பெரும்பாலும் ஈரல்தான் கதி. கொஞ்சமாக, மெதுவாக வந்தால் ஈரல் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஒரேயடியாக வந்து குவிந்தால், மிச்சத்தைக் கொழுப்பாக்கி வைத்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதி வருகிறதே, அதற்குள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

கொய்யாப்பழத்தில் இருப்பதும் இதே குளுக்கோஸ், இதே ஃப்ரக்டோஸ், இதே சீனிச் சத்துதான். "பழத்தில் இருப்பது இயற்கைச் சர்க்கரை, அது வேற ஜாதி" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. சரக்கு ஒன்றுதான், கட்டிக் கொடுத்த விதம்தான் வேறு.

பழத்தின் சர்க்கரை கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளுக்குள் தண்ணீரோடு பூட்டிக் கிடக்கிறது. அறைச் சுவர் முழுக்க நார். பல்லால் மென்று, வயிற்றில் அரைபட்டு, குடலில் நகர்ந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்துதான் அது வெளியே வரவேண்டும். நாலு கொய்யாவை அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவதிலேயே தாடை வலிக்கும், வயிறு 'போதும்' என்று சொல்லிவிடும். சீனிக்கு இந்தத் தடை ஏதும் கிடையாது. கரைந்தே உள்ளே வருகிறது. வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

1977இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான பத்துப் பேர். ஆப்பிளை ஒரு நாள் முழுப் பழமாகவும், ஒரு நாள் மசித்தும், ஒரு நாள் சாறாகவும் கொடுத்தார்கள். சர்க்கரையின் அளவு மூன்று நாளும் ஒன்றேதான். சாறு, முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகத்தில் உள்ளே போனது! முழுப் பழம் சாப்பிட்ட அன்று வயிறு நன்றாக நிறைந்தது. சாறு குடித்த அன்று நிறையவில்லை. அதைவிட முக்கியம், சாறு குடித்ததும் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, பிறகு இரத்தச் சர்க்கரை தடாலென்று கீழே இறங்கியது. சாறு குடித்த ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறதே என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. காரணம் இதுதான்.

பிறகு 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 1,87,000 பேருக்கு மேல் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. திராட்சை, ஆப்பிள், புளூபெர்ரி போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவு வந்தது குறைவு. பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடம் கூடுதல். இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்து 'இதனால்தான் இது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழத்தைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை என்று தைரியம் சொல்ல இது போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தப் பாகுபாட்டைத்தான் செய்கிறது. அவர்கள் கட்டுப்படுத்தச் சொல்லும் சர்க்கரை எது தெரியுமா? தயாரிப்பவரோ, சமைப்பவரோ, சாப்பிடுகிறவரோ சேர்க்கும் எல்லாச் சர்க்கரையும். கூடவே தேன், பாகு வகைகள், பழச்சாறு, பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிய சரக்கு. இவையெல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவின் சக்தியில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவிகிதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம், 25 கிராம் என்று வரும். அந்த ஆசிரியையின் மகன் வைத்த 25 இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த 25இல் முழுப் பழத்தின் சர்க்கரையும் பாலின் சர்க்கரையும் சேர்த்தி இல்லை! அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

என் பக்கத்துத் தப்பு

இதை எழுதும்போது ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போனால் எனக்கு மனது கேட்காது.

பதினெட்டு வருடம் இருக்கும். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். ஐம்பது வயது. சுகர் புதிதாகக் கண்டுபிடித்திருந்தார்கள். "வைத்தியரய்யா, காபி இல்லாம என்னால முடியாது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் அன்றைக்கு என்ன அவசரத்தில் இருந்தேனோ, "சீனியை விட்ருங்க. கருப்பட்டி போட்டுக்கிடுங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வைத்தியர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர். உடன்குடிக் கருப்பட்டி பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டார். தினம் நாலு கருப்பட்டிக் காபி. சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு வாயில். எட்டு மாதம் கழித்து வந்தார், காலில் துணி சுற்றிக்கொண்டு. செருப்பு கடித்த புண், ஆறவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கருப்பட்டி மட்டுமே காரணமா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் 'ஒண்ணும் செய்யாது' என்ற மூன்று... இல்லை, இரண்டே வார்த்தை. அதைச் சொன்னது நான். அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு பெட்டிக் கருப்பட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்! "நான் சாப்பிடலய்யா, நீங்க சாப்பிடுங்க" என்பார்.

அதற்குப் பிறகு என் வைத்தியசாலையில் 'ஒண்ணும் செய்யாது' என்ற பேச்சே கிடையாது. பனைவெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எதுவானாலும் கணக்கில் சர்க்கரைதான். தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. வெல்லத்தில் முக்கால் பங்குக்கு மேல். கருப்பட்டியில் இரும்பும் மற்ற தாதுக்களும் உண்டு என்பது நிஜம். ஆனால் காபிக்குப் போடும் ஒரு ஸ்பூனில் அது எவ்வளவு வரும்? இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை இருக்கிறது, எள் இருக்கிறது. அதற்காகக் கருப்பட்டியைக் கூப்பிட வேண்டாம். சுகர் இல்லாதவர்கள், வெயிலில் உழைக்கிறவர்கள், வளரும் பிள்ளைகள் அளவாகச் சாப்பிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். சீனியைவிட ருசி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அப்படின்னா லேகியம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லேகியம் என்றாலே வெல்லப் பாகோ கற்கண்டுப் பாகோ வைத்துக் கிண்டுவதுதான். சூரணத்துக்கு அனுபானமாகத் தேன் சொல்வதும் எங்கள் வழக்கம். பெரியவர்கள் கொட்டைப்பாக்கு அளவு, சுண்டைக்காய் அளவு என்று கணக்குச் சொல்லி வைத்தார்கள். நாம் கரண்டியை விட்டு அள்ளுகிறோம். பிள்ளைகள் ஜாம் மாதிரி தோசையில் தடவுகிறார்கள். சுகர் உள்ளவர்களுக்கு இப்போது நான் பெரும்பாலும் சூரணத்தை வெந்நீரிலோ மோரிலோ கொடுக்கிறேன். நீங்களும் உங்கள் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள், "எனக்குச் சுகர் இருக்கு, இதில் இனிப்பு இருக்கா?" என்று. கேட்டால் கோபிக்கிற வைத்தியர் எனக்குத் தெரிந்து நல்ல வைத்தியர் இல்லை.

சித்த மருத்துவத்தில் இனிப்புச் சுவை மண்ணும் நீரும் சேர்ந்து பிறப்பது என்பார்கள். உடம்பை வளர்க்கும், அளவு மீறினால் ஐயத்தைக் கூட்டும். நாவில் பட்டது எதுவானாலும் இனிப்பு இனிப்புதான். ஆனால் பழம் ஒற்றைச் சுவைக்காரன் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொய்யாவில் துவர்ப்பு கூடவே நிற்கிறது. ஆரஞ்சில் புளிப்பு. நாவல் பழத்தைச் சொல்லவே வேண்டாம், நாக்கே இழுத்துக்கொள்ளும். துணைக்கு ஆள் இருக்கும் இனிப்பு அது. சீனிக்குத் துணை யாரும் கிடையாது. இது என் சொந்த ரசனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் இரண்டு பத்தி

அந்த ஆசிரியையிடம் போனை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பழம், பால், தயிர். வலது பக்கம் சேர்த்த சர்க்கரை. இடது பக்கத்துக்குக் கிராம் கணக்கு வேண்டாம், 'கொய்யா ஒன்று' என்று எழுதினால் போதும். வலது பக்கத்துக்கு மட்டும் கிராம் வேண்டும்.

எது எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மரத்தில் காய்த்த உருவத்தில் வாய்க்குள் போனதா, பல்லுக்கு வேலை இருந்ததா? ஆம் என்றால் இடது பக்கம். பிழிந்ததோ, கரைத்ததோ, பாகு வைத்ததோ வலது பக்கம்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பல வேஷங்கள் கலையும். சாத்துக்குடி ஜூஸ் 'உடம்புக்கு நல்லது' என்று ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போதுகூட வாங்கிக்கொண்டு போகிறோம். ஒரு டம்ளருக்கு மூன்று நாலு பழம் போகும். சக்கையைக் கடைக்காரர் தொட்டியில் போட்டுவிடுகிறார். நமக்குக் கிடைப்பது பழத்தின் சர்க்கரை மட்டும் 15 கிராமுக்கு மேல். அதன் தலையில் கடைக்காரர் போடும் சீனி தனி. ஒரே டம்ளரில் அன்றைய 25 முடிந்தது. பதநீர் எனக்கு உயிர். ஆனால் அதுவும் வலது பக்கம்தான். 100 மில்லியில் 10 கிராமுக்குக் குறையாது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி வாழைப்பழம் இருக்கிறது என்பதற்காக இடது பக்கம் எழுதிவிட முடியாது. முருகனே வந்து சிபாரிசு செய்தாலும் வலது பக்கம்தான்.

பேரீச்சை, உலர்ந்த திராட்சை? முழுசாக மென்று சாப்பிட்டால் இடது பக்கம். ஆனால் தண்ணீர் போய்விட்டதால் சர்க்கரை இறுகிக் கிடக்கிறது. எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். இரண்டு பேரீச்சை சரி, ஒரு கிண்ணம் சரியில்லை. அதையே பாகாக்கி 'பேரீச்சைப் பாகு' என்று பாட்டிலில் விற்றால் சந்தேகமே வேண்டாம், வலது பக்கம். மில்க் ஷேக் என்று பழத்தை அரைத்துக் குடிப்பதையும் நான் வலது பக்கமே எழுதச் சொல்கிறேன்.

பாக்கெட் சரக்கைப் பொறுத்தவரை இப்போது ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, லேபிளில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். பொடி எழுத்தாகத்தான் இருக்கும், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் பொடி டப்பாவை முதலில் எடுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இணையக் கடைக்காரர்களிடம் இந்தப் பொடிகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னது. அதே வருடம் ஜூன் மாதம், சுண்டக் காய்ச்சிய சாற்றில் தண்ணீர் சேர்த்து விற்கும் பழச்சாறுகளில் '100 சதவிகிதம் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. விளம்பரத்தில் வரும் குழந்தை துள்ளிக் குதிப்பதைப் பார்த்து ஏமாறாமல், டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

தினம் எழுத முடியாது என்கிறவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன். மளிகை லிஸ்ட்டை எடுங்கள். போன மாதம் சீனி எத்தனை கிலோ? வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ என்றால், ஆளுக்குத் தினம் சரியாக 25 கிராம். 5 கிலோ என்றால் 40ஐத் தாண்டிவிட்டது. பிஸ்கட், ஸ்வீட் ஸ்டால், கல்யாண வீடு, ஜூஸ் கடை எல்லாம் இதற்கு வெளியே. எந்த டாக்டரும் வேண்டாம், எந்தப் போனும் வேண்டாம், வீட்டுக் கணக்கு நோட்டு போதும். என் வீட்டில் போட்டுப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர். எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதினால் என் மனைவி கோபித்துக்கொள்வாள்!

சுகர் உள்ளவர்களுக்கு

பழத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம் என்றேன். கூடை கூடையாகச் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. இடது பக்கம் எழுதுவதும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், மெதுவாக ஏற்றும், அவ்வளவே. ஒரு தடவைக்கு உள்ளங்கையில் அடங்கும் அளவு. சுமார் 100 கிராம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, ஆப்பிள், நாவல் இவற்றோடு தொடங்குங்கள். மாம்பழக் காலத்தில் நாலைந்து துண்டு. அதுவும் முழுச் சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம், இரண்டு வேளைக்கு நடுவில். பலாச்சுளை இரண்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். எந்தப் பழம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று உங்கள் இரத்தமே சொல்லும். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் வாழைப்பழம் இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மாவுச்சத்துக் கணக்கை வைத்து ஊசியின் அளவை மாற்றுவார்கள். அவர்களுக்கு இடது, வலது இரண்டும் கணக்கில் வரவேண்டும். டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பழமே வேறு விஷயம். பொட்டாசியம் பார்க்க வேண்டும். கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

பழத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலர் இட்லியை மறந்துவிடுகிறார்கள். நாலு இட்லியில் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அது வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். ஒரு கொய்யாவில் மாவுச்சத்தும் சர்க்கரையும் எல்லாம் சேர்ந்தே 15 கிராம் வராது, கூடவே 5 கிராம் நார் வேறு. நாலாவது இட்லிக்குப் பதில் ஒரு கொய்யா என்று மாற்றினவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் வீட்டில் சிரித்தார்களாம்.

ஆசிரியை நோட்டோடு மூன்று வாரம் கழித்து வந்தார். பழைய பழக்கம், சிவப்பு மையில் தானே திருத்தியிருந்தார். வலது பக்கம் முதல் நாள் 41. ஆவாரம்பூ டீ வெறுமனே குடிக்கப் பழகினதும் 31. தேனை விட்டு, திரிபலாவை வெந்நீருக்கு மாற்றியதும் 25. லேகியத்தை நான் நிறுத்திவிட்டேன். கஞ்சிக்கு உப்பும் மோரும். கடைசியாகப் போட்டிருந்தது 10. அது காலைக் காபிக்குப் போகும் இரண்டு ஸ்பூன் பனங்கற்கண்டு.

"இதை மட்டும் கேட்காதீங்க" என்றார்.

"ஒரு ஸ்பூனாக்குங்க" என்றேன்.

"யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கைப்பையிலிருந்து இரண்டு கொய்யாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர்கள் வீட்டு மரத்தில் காய்த்ததாம். மூன்று மாதமாக அணில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாம்.